பிள்ளை பெற்று மலைக்குத் திரும்பும் சகோதரிகளுக்கு

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நானுஓயா, இராகலை என்று நீண்டு கிடக்கும் தோட்டங்களின் லயங்களில் இவ்வாண்டு பிள்ளை பெற்றவர்களும், பெற்று ஆண்டுகள் பலவாகியும் அதன் உபாதையை வெளியே சொல்லாமல் சுமந்து திரிகிறவர்களுமாகிய உங்களுக்கு, பெண்கள் தமக்குள்ளேயும் தாழ்ந்த குரலில் பேசும் ஒரு விஷயத்தைக் குறித்து, எல்லாரும் காணும்படி அச்செழுத்தில் எழுதத் துணிந்திருக்கிறேன். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது, அந்திக்குள் அடிவயிறு கனத்து ஏதோ கீழே இறங்கி நிற்பதுபோல் தோன்றுவது, குந்தி எழும்போது கைக்குத் தட்டுப்படும் சதை, புருஷனோடு கூடுவதில் வேதனை, காற்றையோ மலத்தையோ அடக்க இயலாமை ஆகிய இவையே அவ்விஷயம். பிள்ளை பெற்ற உடம்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார்; அவருக்கு அவருடைய மாமியார் சொல்லியிருப்பார். தாம் கண்டதையே அவர்கள் சொன்னார்கள். ஆனால் பலருக்கும் வருகிறது என்பதனாலேயே ஓர் உபாதை இயற்கையாகிவிடாது என்பதையும், இவற்றிற் பெரும்பாலானவை அப்பியாசத்துக்கும் சிகிச்சைக்கும் கட்டுப்படுபவை என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அக்காலத்தில் எவரும் இருக்கவில்லை. கொழுந்துக்குப் போன ஒருத்தியின் மகளாகப் பிறந்து, தோட்டப் பாடசாலையிற் படிப்பித்து ஓய்ந்த எனக்கும், என் தாயார் எதற்காகப் பழந்துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போனார் என்பது வெகு காலம் சென்ற பின்னரே விளங்கிற்று.

நகரத்துப் பெண்கள் பிள்ளை பெற்றபின் எப்போது தேகாப்பியாசம் தொடங்கலாம் என்று வைத்தியரைக் கேட்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அக்கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. நாள் முழுதும் மலையேறி இறங்குகிறவளுக்குத் தனியாக அப்பியாசம் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போலும். அப்பியாசம் செய்கிறவள் தன் சரீரத்தின் நிலையைப் பார்த்து, இன்று சிறிது, அடுத்த வாரம் சற்று அதிகம் என்று பாரத்தைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பிரசவ விடுமுறை முடிந்து காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலே போய் நிற்கிறவளுக்கோ முதல் நாளே முழுக் கூடையும், முழுச் சரிவும், முழுப்பேர் என்னும் முழு நாட்சம்பளத்துக்குரிய நிறையும் காத்திருக்கின்றன. ஆகையால், பிரசவத்துக்குப் பின் அப்பியாசத்தைப் பற்றிய அறிவு நாட்டில் வேறெவரையும்விட உங்களுக்கே அதிகமாக வேண்டியது என்பது என் துணிபு.

இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து பின்னே வாலெலும்பு வரையில், சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்கும்படி விரிந்திருக்கும் தசைத்தொகுதியை வைத்தியர்கள் இடுப்புத்தளத் தசைகள் என்பர். அம்மூன்று அவயவங்களின் வாயில்களும் இத்தசைகளின் ஊடாகவே வெளிவருவதால், தாங்குவதும், வேண்டாதபோது அடைத்து வைப்பதும், வேண்டியபோது நெகிழ்ந்து வழிவிடுவதும் இவற்றின் தொழில்களாயின. ஒன்பது மாதம் கருவின் பாரத்தைச் சுமந்த பிறகு, பிள்ளையின் சிரசு வெளிப்படும் வேளையில், இத்தசைகளின் நடுப்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு இழுபடுவதாகக் கணித்திருக்கிறார்கள். கையிலோ காலிலோ உள்ள ஒரு தசை அவ்வளவு இழுபட்டால் கிழிந்தே போகும். கருப்பையோ பிரசவமானவுடன் ஏறக்குறைய 1 கிலோ நிறையுடன் இருந்து, ஆறு வாரத்துக்குள் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. அதாவது, தளம் மிகவும் நெகிழ்ந்து கிடக்கும் அந்த வாரங்களிலேதான் அதன்மேல் இருக்கும் கருப்பையும் மிகவும் கனமாயிருக்கிறது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தவர்கள் தாம் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். அவர்களுக்குச் சிரசின் இழுப்பு இல்லையே தவிர, ஒன்பது மாதப் பாரமும், அதற்கு மேல் ஆறவேண்டிய வயிற்றுத் தையலும் உண்டு.

இத்தளம் ஆறுவதற்குள் அதன்மேல் ஏறும் பாரத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும் இம்மடல் காரியாலயங்களிலும் படிக்கப்படக் கூடுமாதலால் எழுதி வைக்கிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினும், முழுப்பேருக்குக் கேட்கப்படும் கொழுந்து பெரும்பாலும் 16 முதல் 20 கிலோ வரையில், குறைந்தால் அரைப்பேர். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுப்புறம் தொங்கும் கூடை நிறைய நிறைய உடம்பு முன்னே வளைகிறது. இடுப்பில் இறுகக் கட்டிய படங்கின் கீழ் அடிவயிறு அழுந்துகிறது. அவ்வழுத்தத்துக்குக் கீழ்நோக்கிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் இலையில் நிற்கும் நீரின் கனமும் சேர்ந்துகொள்ளும். அந்நீருக்கு நிறுவையிற் கழிவு உண்டே தவிர முதுகிற் கழிவு கிடையாது. மலையில் ஒதுங்குவதற்கு மறைவான இடம் இல்லாமையால், காலையில் தேநீரையும் பாதியில் வைத்துவிட்டுப் போய், மாலை வரையில் சிறுநீரை அடக்குகிறவர்கள் எத்தனை பேர்! அடக்குவதால் நீர்க்கடுப்பு வருகிறது. தண்ணீர் குடியாமையால் மலம் இறுகி முக்க வேண்டியிருக்கிறது. முக்குவதோ இத்தளத்துக்குக் கூடைக்குச் சளைக்காத கெடுதி. லயத்துக்குத் திரும்பினால் ஈர விறகின் புகை. அதனால் வரும் நாட்பட்ட இருமல். ஒவ்வோர் இருமலுக்கும் அடிவயிற்றில் ஓர் இடி. ஒருத்திக்கு அடி இறங்கினால், அதாவது கருப்பை முதலிய அவயவங்கள் தளத்தின் தாங்கலை இழந்து கீழே சரிந்தால், பிரசவத்தின்மேல் மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு இவற்றையெல்லாம் மறந்துவிடுவது நியாயமாகாது.

தேயிலைச் செடிக்குத் தோட்டம் செலுத்தும் சிரத்தையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்காமலிருக்க முடியவில்லை. கவ்வாத்து வெட்டிய மலைக்குள் மறுவாரமே கொழுந்துக்கு ஆளை இறக்கும் துரை எவரும் இல்லை. வெட்டுவாயில் தளிர் அரும்பி, கிளை நீண்டு, செடி மட்டத்துக்கு வரும்வரையில் மாதக்கணக்கிற் காத்திருந்து, முதலில் நுனியை மாத்திரம் கிள்ளி, அதன் பிறகே வழக்கமான பறிப்புக்கு விடுவார்கள். அவசரப்பட்டால் செடி பலவீனப்பட்டு வருகிற வருஷங்களின் விளைச்சலும் கெடும் என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த இடைக்காலத்தையும், அந்தப் படிப்படியான தொடக்கத்தையுமே நான் உங்களுக்காகக் கேட்கிறேன்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரசவமான சில நாட்களிலேயே, தையல் போட்டிருப்பினும், நோகாத அளவுக்கு இதைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் இருக்கையில் காற்றுப் பிரியாமல் அடக்குவதற்கு எவ்விடத்தை இறுக்குவீர்களோ அவ்விடத்தை இறுக்கி, சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்புறத்தையும் அதனோடு சேர்த்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். தொடையும் பிட்டமும் அசையலாகாது, மூச்சையும் அடக்கலாகாது. சில விநாடி அப்படியே நிறுத்திப் பிறகு முழுவதும் தளர விடுங்கள். பாதியில் தளர்த்தி மறுபடியும் இறுக்குகிறவளுக்குத் தசை சோர்ந்துபோகுமே அல்லாமற் பலப்படாது. ஆரம்பத்தில் மூன்று விநாடி நிறுத்துவதே பிரயாசையாயிருக்கும். வாரங்கள் செல்லச் செல்ல 10 விநாடி வரை நீட்டலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளொன்றுக்கு மூன்று வேளை. ஒவ்வொரு வேளையின் முடிவிலும் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் குறுகிய இறுக்கங்கள் சில. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் வேளையோடு இதை இணைத்துக்கொண்டால் மறதி வராது. சில வாரங்களில் உட்கார்ந்தும், பிறகு நின்றும், பிறகு நடந்துகொண்டே செய்யவும் பழகிவிடும். நிரையில் நின்று கொழுந்து கிள்ளும்போது செய்தால் பக்கத்து நிரைக்காரிக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கையில் நடுவில் நிறுத்திப் பழகும்படி சிலர் சொல்வார்கள். இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஒருமுறை அப்படிச் செய்து பார்க்கலாம். வழக்கமாக்கிக்கொண்டால் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் வேறு உபாதை தலையெடுக்கும்.

இருமல் வருகிறது என்று தெரிந்தவுடனும், பிள்ளையையோ கூடையையோ தூக்குவதற்கு முன்னும், அவ்விடத்தை முன்கூட்டி இறுக்கிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டவாறு தூக்குவதையும் வழக்கமாக்குங்கள். பலன் ஒரு வாரத்தில் தெரியாது. மூன்று மாதமாவது விடாமற் செய்ய வேண்டும். இது கைவைத்தியம் என்று எவரேனும் இகழ்ந்தால், ஆர்னல்ட் கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் இதை 1948இலேயே வைத்தியப் பத்திரிகையில் விளக்கி எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள். 2018இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14 நாடுகளில் நடந்த 31 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. இருமலிலும் பாரம் தூக்குவதிலும் சிறுநீர் கசியும் பெண்களுள், இவ்வப்பியாசத்தைச் செய்தவர்களில் 100க்கு 56 பேரும், செய்யாதவர்களில் 100க்கு 6 பேரும் குணமடைந்ததாக அதிற் கண்டிருக்கிறது.

நம் வீடுகளிலே பிள்ளை பெற்றவளுக்குக் காயமும் லேகியமும் கொடுத்து, வேது நீரில் வார்த்து, வெளியே விடாமல் வைத்திருக்கும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் சாரம் ஓய்வு, ஓய்வு நல்லது. பழைய சேலையால் வயிற்றைக் கட்டுவதை மாத்திரம் சற்றுத் தளர்த்திக் கட்டச் சொல்வேன். மூச்சுத் திணற இறுக்கினால் வயிறு உள்ளே போவதுபோல் தோன்றினாலும் அழுத்தமெல்லாம் கீழே இறங்கும். அன்றியும், மலைக்குப் போகாத நாளென்று விறகுக்கட்டையும் தண்ணீர்க் குடத்தையும் அவள் தலையிலும் இடுப்பிலும் ஏற்றுகிற வீடுகள் பல உண்டு. விடுமுறை கொடுத்தது தோட்டம், பறித்துக்கொண்டது வீடு என்று ஆகலாமா? குடம் தூக்க வீட்டில் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2019இல் ஐக்கிய இராச்சியத்தின் பிசியோதெரபி நிபுணர் மூவர், பிள்ளை பெற்றபின் ஓட்டப் பயிற்சிக்குத் திரும்பும் பெண்களுக்கென்று ஒரு வழிகாட்டி எழுதினார்கள். குறைந்தது மூன்று மாதம் ஓடவே வேண்டாம். அதன் பிறகும், 30 நிமிடம் நடந்தாலும், ஒற்றைக்காலில் 10 விநாடி நின்றாலும், கசிவோ கனமோ வேதனையோ இல்லை என்று கண்டபிறகே ஓடத் தொடங்கலாம் என்பது அதன் சாரம். இத்தனைக்கும் அப்பெண்கள் ஓடுவது சமதரையில், முதுகில் கூடையில்லாமல். நீங்களும் அதே நிதானத்தோடு உங்களைச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் முதல் தோட்டத்துப் பாதையில் சமமான இடத்திற் சிறிது தூரம் நடவுங்கள்; நடை நாளுக்கு நாள் நீளட்டும். ஆறாம் வாரம் கிளினிக்கிற் பார்த்து, எல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னபிறகு மேட்டில் ஏறிப் பாருங்கள். அதன்பின் குந்தி எழுந்து பாருங்கள். அதற்கும் பின் சிறு பாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். அன்று மாலை அடிவயிறு கனத்தாலோ, துணி நனைந்தாலோ, உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று அறிந்து ஒரு படி கீழே இறங்கிக்கொள்ளுங்கள். மலைக்குத் திரும்பியபின் கூடை நிறையும்வரை காத்திராமல் பாதியிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். கூடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் முதுகுக்கு ஏற்றாமல், மேட்டிலோ கல்லிலோ வைத்து, பக்கத்திலிருப்பவளைக் கை கொடுக்கச் சொல்லி மாட்டுங்கள்.

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. பாதிக் கூடையோடு ஒருத்தி நிறுவைக்கு வந்தால் கங்காணி என்ன சொல்வார் என்பதை நான் அறியாதவளல்லேன். ஆதலால் சட்டத்தையும் சொல்லி வைக்கிறேன். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உங்களுக்கும் உரியது. முன்னர் மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறை 42 நாளாகக் குறைந்துவிடும். 2018இல் வந்த திருத்தம், எத்தனையாம் பிள்ளையாயினும் 84 நாள் என்று ஆக்கிற்று. அதில் 70 நாள் பிரசவத்துக்குப் பின்னர் உரியது.  அதைவிட முக்கியமானது, எவரும் எடுத்துச் சொல்லாத வேறொரு பிரிவு: பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள், தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு விளைவிக்கக்கூடிய வேலையை அவளிடம் வாங்கலாகாது. நெகிழ்ந்த தளத்தின்மேல் முழுக் கூடையைச் சுமந்துகொண்டு சரிவேறுவது அத்தகைய வேலையே என்று சொல்வதற்கு வைத்திய நூல் இடம் தருகிறது. அதை வாதிக்க வேண்டியவர்கள் சந்தா வாங்கும் சங்கத்தார். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்ததைச் சங்கங்கள் இன்றும் பெருமையோடு சொல்கின்றன, சொல்லட்டும். பிள்ளை பெற்று வந்தவளுக்கு முதல் மூன்று மாதமாவது சரிவு குறைந்த மலையும் குறைந்த நிறையும், அவற்றுக்கு முழுப்பேரும் என்று ஒரு வரியை இனி எழுதும் ஒப்பந்தம் எதிலாவது ஏற்றினால் பெருமை இன்னும் சற்றுக் கூடும்.

தோட்டத்தின் ஆட்பதிவேடாகிய செக்றோலிற் பெயரில்லாமல் கைக்காசுக்குப் போகிறவளுக்கும், மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எடுத்த கொழுந்துக்குக் காசு என்று கொடுக்கும் புது முறையின் கீழ் வேலை செய்கிறவளுக்கும் இந்த 84 நாளும் கைக்கு எட்டுவது அரிது. அவர்கள் தொகை பெருகி வருகிறது. பிள்ளை பெற்ற இருபதாம் நாள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தன் துண்டுக்கு ஓடுகிறவளுக்கு என் அப்பியாசக் குறிப்பு என்ன செய்துவிடும் என்று கேட்டால், கொஞ்சம்தான் செய்யும் என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

கொஞ்சத்துக்கு மேல் ஆக வேண்டுமானால் என்ன வழி என்பதை நேபாளத்தைப் பார்த்து அறியலாம். அங்கும் மலை, அங்கும் டோக்கோ என்னும் மூங்கிற் கூடையை நாம்லோ என்னும் பட்டியால் தலையில் மாட்டி முதுகிற் சுமக்கிறார்கள், பிரசவமான சில நாட்களிலேயே சுமைக்குத் திரும்பும் அப்பெண்களிடையே அடி இறங்குதல் பெருவாரியாகக் காணப்பட்டது. அவர்களும் அதை விதி என்றே மறைத்து வைத்திருந்தார்கள். பிரகாஷ் மணி சர்மா என்னும் வழக்கறிஞர் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, 2008இல் நேபாள உச்சநீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க சுகாதார உரிமையைப் பற்றிய விவகாரம் என்று தீர்த்து, சட்டம் இயற்றும்படியும் சிகிச்சை அளிக்கும்படியும் அரசாங்கத்தைப் பணித்தது. தீர்ப்பு வந்தவுடன் எல்லாருடைய கூடையும் இலேசாகிவிடவில்லை. ஆயினும் அடுப்பங்கரையிற் கிசுகிசுக்கப்பட்ட ஒரு விஷயம் நாட்டின் அலுவலாயிற்று. சத்திரசிகிச்சை முகாம்கள் மலைக்கிராமங்களுக்கு வந்தன.

ஏற்கனவே அடி இறங்கிவிட்டவர்களுக்குச் சில வார்த்தை. சிறிதளவு இறங்கியிருந்தால் மேலே சொன்ன அப்பியாசமே கனத்தையும் கசிவையும் குறைக்கும். அதற்கும் மேற்பட்டால், உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் ஒன்று இருக்கிறது. வைத்தியர் அளவு பார்த்து வைப்பார். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடியும் வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு நடக்கலாம், வேலையும் செய்யலாம். அதனாலும் ஆகாதபோது சத்திரசிகிச்சை. கருப்பையை எடுத்துவிடுவதே ஒரே வழி என்று எவரேனும் முதல் வார்த்தையிலேயே சொன்னால், வளையம் உதவாதா, வேறு வழி உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, நில்லாத இரத்தம், இடைவிடாமல் ஒழுகும் சிறுநீர் ஆகியவை கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்றவைக்கு, பிள்ளையை நிறுத்து அட்டையிற் பதிய வருகிறாரே குடும்பநல உத்தியோகத்தர், அவரிடமிருந்தே தொடங்கலாம். அவர் பிள்ளையைப் பற்றி ஆயிரம் கேட்பார். உங்களைப் பற்றிக் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். முப்பத்தைந்து வயதை எட்டியவர்களுக்கென்று 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் உங்கள் பகுதியிலும் உண்டு. கர்ப்பப்பை வாசலைப் பரிசோதிக்கும் அந்நாளில் இதையும் சொன்னால் வேறொரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியிராது. அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, 2017 மே மாதத்தில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ கடிதம் எழுதித் தரும்படி கேளுங்கள். அங்கே பார்க்கும் வைத்தியர் தமிழ் அறியாதவராயின், குடும்பநல உத்தியோகத்தரையோ பள்ளிக்கூடம் போகும் மகளையோ உடன் அழைத்துப் போங்கள். மகனை அழைத்துப் போனால் பாதியைத்தான் சொல்வீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் சகோதரி